லாக்புக்கில் இல்லாத கட்டம்

குழு: தாத்தா வீட்டுச் சொந்தங்கள்

தீபா, மாலை 6.12
பெரியப்பா, இது ரயில் ஜன்னலிலிருந்து எடுத்தது. அனல்மின் நிலையம். எவ்வளவு புகை பாருங்கள்! "மின் நிலையங்களின் கார்பனுக்கு அரசு வரம்பு விதிக்க வேண்டும்" என்று வெள்ளிக்கிழமை பேச்சுப் போட்டியில் பேசுகிறேன். இந்தப் படத்தைக் காட்டலாமா?

பெரியப்பா, 6.20
வேண்டாம் கண்ணு. அகலமாக, இடை சிறுத்து நிற்பது கூலிங் டவர். அதில் வருவது வெறும் நீராவி. பின்னால் ஒல்லியாக உயர்ந்து நிற்கிறதே, அதுதான் சிம்னி. ஒன்றுமே வராதது போலத் தெரிகிறது, இல்லையா? கரியமிலவாயு அதில்தான் போகிறது. நிறமும் கிடையாது, மணமும் கிடையாது.

சித்தப்பா, 6.24
அதற்கு ஒரு ஃபில்டர் போட்டால் போதாதா அண்ணே? சாம்பலுக்கு ஏதோ போட்டிருப்பதாகச் சொல்வீர்களே.

பெரியப்பா, 6.33
அது இஎஸ்பி தம்பி. மின்னேற்றிய தகடுகள் சாம்பல் தூளை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கரியமிலவாயுவை அப்படிப் பிடிக்க முடியாது. ஒரு கிலோ கார்பன் எரிந்தால் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் சேர்த்துக்கொண்டு 3.67 கிலோ கரியமிலவாயுவாகப் போகும். ரசாயனக் கரைசலில் அதைப் பிரித்தெடுக்கலாம். கனடாவில் பவுண்டரி டேம் நிலையத்தில் 2014 முதல் செய்கிறார்கள். ஆனால் அந்த வேலைக்கே நீராவியிலும் மின்சாரத்திலும் ஒரு பங்கு போய்விடும். செலவும் அதிகம். சட்டம் சொல்லாமல் எந்த முதலாளியும் தானாக அதைச் செய்யமாட்டார்.

பெரியப்பா, 6.41
இன்னொன்று சொல்கிறேன். நான் வேலை பார்த்த அனல்மின் நிலையத்தின் கண்ட்ரோல் ரூமில் மணிக்கொரு தடவை லாக்புக் எழுதுவோம். லோடு, நீராவி அழுத்தம், நிலக்கரி ஓட்டம், ஆக்சிஜன் சதவீதம் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. கரியமிலவாயு எத்தனை டன் என்பதற்கு மட்டும் கட்டமே இல்லை. யாரும் கேட்கவில்லை, நாங்களும் எழுதவில்லை. இன்றைக்கும் மனசை உறுத்துகிறது.

கவின் அண்ணா, 6.50
தீபா, இதையே பேச்சின் தொடக்கமாக வைத்துக்கொள். அமெரிக்காவில் 1990-ல் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தியபோதே, அமிலமழையைக் குறைக்கும் திட்டத்தில் வரும் மின் நிலையங்கள் கரியமிலவாயுவையும் அளந்து சொல்ல வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். ஆனால் அளப்பது வேறு, குறைப்பது வேறு. அது காற்றை மாசுபடுத்தும் பொருள்தான், சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2007-ல். அதுவும் நீதிபதிகள் 5-க்கு 4 என்று பிரிந்து.

தீபா, 6.52
அப்புறம்?

கவின் அண்ணா, 6.59
2015-ல் ஒபாமா அரசு விதி கொண்டுவந்தது. மின்துறையின் கார்பனை 2030-க்குள் 2005 அளவைவிட 32% குறைக்க வேண்டும். 2016-ல் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. அது அமலுக்கே வரவில்லை. 2022-ல், நிலக்கரியை விட்டு வேறு மின்சாரத்துக்கு மாறு என்று நாட்டையே திருப்ப அரசின் சுற்றுச்சூழல் துறைக்கு அதிகாரம் இல்லை என்று தீர்ப்பு, 6-க்கு 3. 2024-ல் வேறு விதி: 2039-க்குப் பிறகும் ஓட நினைக்கும் நிலக்கரி நிலையம் 2032-க்குள் 90% கார்பனைப் பிடிக்க வேண்டும். 2025 ஜூனில் அதையும் நீக்க முன்மொழிந்தார்கள்.

சித்தப்பா, 7.04
எதிரணி ஒன்று கேட்குமே கவின். விதி அமலுக்கு வராமலே அந்த 32% எட்டிவிட்டதாகப் படித்தேன்.

கவின் அண்ணா, 7.08
ஆமாம் சித்தப்பா, 2019 வாக்கிலேயே எட்டிவிட்டது. இயற்கை எரிவாயு மலிந்தது, காற்றாலையும் சூரிய மின்சாரமும் கூடின.

பெரியப்பா, 7.15
அதற்குப் பதில் இருக்கிறது. எரிவாயுவிலும் கார்பன் உண்டு, நிலக்கரியில் ஏறக்குறைய பாதி. சந்தை முழுப் புகையிலிருந்து பாதிப் புகைக்குக் கொண்டுவரும், அங்கேயே நின்றுவிடும். மலிவானது எதுவோ அதைத்தான் அது தேடும். மீதிக்கு விதி வேண்டும். அந்த விதி நிலையாக இருக்கவும் வேண்டும். ஒரு நிலையம் 40 வருஷம் ஓடும். நாலு வருஷத்துக்கு ஒரு தடவை விதி மாறினால் எந்த இன்ஜினியர் எதை நம்பி வடிவமைப்பான்?

சித்தப்பா, 7.19
சரி, கரண்ட் பில்?

பெரியப்பா, 7.27
ஏறும், மறைக்க வேண்டாம். பிரிட்டனில் 2013-ல், மின் நிலையங்கள் வெளியேற்றும் கார்பனுக்குக் கட்ட வேண்டிய அடிமட்ட விலை ஒன்று வைத்தார்கள், அது மின்சார விலையிலும் சேர்ந்தது. ஆனால் 2012-ல் அவர்கள் மின்சாரத்தில் சுமார் 40% நிலக்கரி. நிலக்கரி மின்சாரத்தை மூடப்போவதாக 2015-லேயே அறிவித்தார்கள், 2024 செப்டம்பர் 30 அன்று கடைசி நிலையமான ராட்கிளிஃப்பை மூடியும்விட்டார்கள். விலையும் தேதியும் முன்கூட்டியே தெரிந்திருந்தன. அந்தக் கடைசி ஷிஃப்டில் இருந்தவர்களை நினைத்துக்கொண்டேன். அவர்களுக்கு அடுத்த வேலை என்ன என்பதையும் அரசுதான் விதியோடு சேர்த்து யோசிக்க வேண்டும். தீபா, இதை விட்டுவிடாதே.

தீபா, 7.30
விடமாட்டேன் பெரியப்பா. எண்ணில் எழுதிய விதி ஏதாவது சொல்லுங்கள்.

பெரியப்பா, 7.36
கனடா. 2012-ல் அறிவித்து 2015 ஜூலையில் அமலுக்கு வந்தது. புது நிலக்கரி யூனிட்டும், ஆயுள் முடிந்த பழைய யூனிட்டும் ஒரு கிகாவாட் மணி மின்சாரத்துக்கு, அதாவது பத்து லட்சம் கிலோவாட் மணிக்கு, 420 டன் கரியமிலவாயுவைத் தாண்டக் கூடாது. சாதாரண நிலக்கரி யூனிட் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். என் பழைய டைரியில் ஒரு நைட் ஷிஃப்ட் இருக்கிறது, குறித்துக்கொள். 2 மணி: 487 மெகாவாட்.

தீபா, 7.44
ஒரு கிலோவாட் மணிக்கு ஒரு கிலோ என்று வைத்தால் அந்த ஒரு மணி நேரத்தில் 487 டன். கனடா விதிப்படி 205 டன்னுக்குள் இருந்திருக்க வேண்டும்! தாளில் புதுக் கட்டம் கோடு போட்டு எழுதிவிட்டேன். 3 மணிக்கு எவ்வளவு பெரியப்பா?

பெரியப்பா, 7.45
479. எழுது.