பழைய சேப்பாக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்த இடம் இப்போது எங்கே?

ராயபுரத்துக்காரன்

2009-இல் பழைய கேலரிகளை இடிப்பதற்கு முன்பு சேப்பாக்கத்தில் கிரிக்கெட் போட்டி பார்த்தவர்களிடம் ஒரு கேள்வி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. பாகிஸ்தானுடனான டெஸ்ட்டின் நான்காம் நாள். எனக்குப் பதின்மூன்று வயது. அப்பாவும் நானும் கடற்கரை நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறிச் சேப்பாக்கத்தில் இறங்கினோம். வாசலில் சோதனை கடுமையாக இருந்தது. அம்மா கட்டிக் கொடுத்த தயிர் சாதத்தை உள்ளே விடமாட்டார்கள் என்று நடைபாதையில் நின்றபடியே சாப்பிட்டு முடித்தோம்.

எங்களுக்குக் கிடைத்தது வெறும் சிமெண்டுப் படி. முன்னால் ஒரு தூண். ஒரு பக்கத்து ஆட்டக்காரரைப் பார்க்க நான் அப்பாவின் தோளில் சாய வேண்டியிருந்தது. அன்று சச்சின் 136 அடித்தார். 271 எடுக்க வேண்டிய இடத்தில், இன்னும் 17 ரன் இருக்கும்போது அவர் ஆட்டமிழந்தார். அடுத்த மூன்று விக்கெட்டுகளும் நான்கே ரன்னில் விழுந்தன. 258. பன்னிரண்டு ரன்னில் தோற்றோம். அத்தனை பெரிய கூட்டத்தில் ஒரு குரல்கூட எழவில்லை.

நான் முழங்காலில் முகம் புதைத்து அழுதுகொண்டிருந்தேன். பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வரத் தொடங்கினார்கள். அப்பா எழுந்து நின்று கை தட்டினார். என்னையும் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, "நன்றாக ஆடினார்கள், தட்டு" என்றார். நிமிர்ந்து பார்த்தால் மைதானமே எழுந்து நின்றுகொண்டிருந்தது. அழுதுகொண்டே நானும் தட்டினேன்.

அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. போன மாதம்தான் புது மைதானத்துக்கு முதல் முறையாகப் போனேன். நல்ல நாற்காலி, தூணே இல்லாத பார்வை, கூடாரத் துணி போன்ற வெள்ளைக் கூரை, கேலரிகளுக்கு நடுவே புகுந்து வரும் காற்று. எதையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வெளியே இரண்டு முறை சுற்றி வந்தும் நாங்கள் நின்ற இடம் எது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த டிக்கெட்டும் வீடு மாறியதில் தொலைந்துவிட்டது.

எனக்கு நினைவிருப்பவை இவ்வளவுதான்: அந்தத் தூண், பிற்பகலில் முகத்துக்கு நேரே அடித்த வெயில், அதை மறைக்க அப்பா பிடித்த செய்தித்தாள், எப்போதாவது முதுகுப் பக்கமிருந்து வந்த ரயில் சத்தம். யாராவது சொல்ல முடியுமா?

அல்லிக்கேணி மாடி

முடியும். பிற்பகல் வெயில் முகத்தில் அடித்தது என்றால் நீங்கள் மேற்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் கேலரி கிழக்குப் பக்கம். பக்கிங்ஹாம் கால்வாயும் பறக்கும் ரயில் பாதையும் அந்தப் பக்கம்தான், ரயில் சத்தமும் பொருந்துகிறது. அடுத்த முறை கால்வாய்ப் பக்கக் கேலரியில் டிக்கெட் வாங்குங்கள். எந்தப் படி என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் பார்க்கப்போவது உங்கள் அப்பா பார்த்த அதே கோணம்தான். ஆடுகளம் அன்று கிடந்த திசையிலேயே இன்றும் கிடக்கிறது.

என் வீடு திருவல்லிக்கேணியில், மைதானத்துக்கு நடந்து போகும் தூரம். சிறு வயதில் மாடியில் நின்று, சத்தத்தை வைத்தே பவுண்டரியா விக்கெட்டா என்று சொல்வோம். 2009-இல் இடிப்பு தொடங்கியதும் மாலைதோறும் போய் நின்றேன். சிமெண்டை உடைத்துக் கம்பிகளைத் தனியே பிரித்துக் குவித்திருந்தார்கள். எனக்கு அது வீட்டுப் பெரியவர் ஒருவரை மருத்துவமனையில் பார்ப்பது போல இருந்தது, போகாமலும் இருக்க முடியவில்லை.

2011 உலகக் கோப்பைக்குப் புதுக் கேலரிகள் வந்தன. அதன்பின் ஐ, ஜே, கே என்ற மூன்று கேலரிகள் கட்டட அனுமதிச் சிக்கலில் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன. இடித்ததைவிட அதுதான் என்னை வாட்டியது. மைதானம் நிரம்பி வழியும், தொலைக்காட்சியில் அந்த மூன்று மட்டும் காலியாகத் தெரியும். 2019 ஐபிஎல் இறுதிப் போட்டி அதனால்தான் சென்னையை விட்டு ஹைதராபாத்துக்குப் போனது. பழையதும் போய், புதியதும் கைக்கு வராமல் இருந்த காலம் அது.

ஒன்று சொல்ல மறந்தேன். இடிப்பின்போது கால்வாய்ப் பக்கத்துக் குவியலிலிருந்து ஒரு சிமெண்டுத் துண்டை எடுத்து வந்தேன். இரண்டு கை அகலம் இருக்கும். பதினைந்து வருடத்துக்கு மேலாக எங்கள் மாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி காற்றில் பறக்காமல் அதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. உங்கள் தூணைச் சேர்ந்ததா, படியைச் சேர்ந்ததா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. வேண்டுமானால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய பார்வையாளர் 1967

தம்பி, உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம். ஆனால் தூணுக்காக வருந்தாதீர்கள்.

1986-இல் ஆஸ்திரேலியாவுடன் 'டை' ஆன, அதாவது இரு அணியும் சம ரன்னில் முடித்த டெஸ்ட்டின் கடைசி நாள் நான் அங்கே இருந்தேன். வெற்றிக்கு 348, நாம் 347. கடைசி ஓவரின் ஐந்தாவது பந்து, கிரெக் மாத்யூஸ் வீசினார். மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ, அதாவது பந்து மட்டையில் படாமல் காலில் பட்டதென்று அவுட். டெஸ்ட் வரலாற்றில் இரண்டே இரண்டு டை, அதில் ஒன்றின் கடைசி விக்கெட் என் கண்ணெதிரே விழுந்தது. நான் பார்த்தது நடுவர் விக்ரம்ராஜுவின் உயர்ந்த விரலை மட்டும்தான். மணிந்தரையும் அவர் காலில் பட்ட பந்தையும் ஒரு தூண் முழுதாக மறைத்துவிட்டது. பந்து மட்டையில் உரசியதா இல்லையா என்று இன்றும் பேசுகிறார்கள். என்னிடம் கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. அந்தத் தூணை இடித்தவர்கள் நன்றாக இருக்கட்டும்.

என் தகப்பனாரின் சேப்பாக்கம் வேறு. சுற்றிலும் மரங்கள், மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் பழைய பெவிலியன். 1952 பிப்ரவரியில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றபோது அவர் அங்கே இருந்தார். வினு மன்கட் முதல் இன்னிங்ஸில் 55 ரன்னுக்கு எட்டு விக்கெட் எடுத்ததைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு பத்தாண்டுக் காலம் டெஸ்ட் ஆட்டங்கள் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்துக்கு (இன்றைய நேரு ஸ்டேடியம்) போய்விட்டன. மன்கட்டும் பங்கஜ் ராயும் தொடக்க ஜோடியாக 413 ரன் சேர்த்தது அங்கேதான். பலர் சேப்பாக்கம் என்றே நினைத்திருக்கிறார்கள். 1967 பொங்கல் டெஸ்ட்டுக்குச் சேப்பாக்கம் திரும்பியபோது தகப்பனார் என்னை அழைத்துப் போனார். முதல் நாள் உணவு இடைவேளைக்குள் ஃபரூக் இன்ஜினியர் 94. மேற்கிந்தியத் தீவுகளின் வேகப்பந்து வீச்சாளர்கள் ஹாலும் கிரிஃபித்தும் வீசிய பந்துகளில்! எனக்குத் தலைகால் புரியவில்லை. தகப்பனார் அதற்கு நடுவிலும் "அந்த மரம் எங்கே போனது?" என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. சிமெண்டுக் கேலரி எழுந்தபின் அவர் வருவதை நிறுத்திவிட்டார். நீங்கள் தேடும் படிக்கட்டு, அவருடைய மைதானத்தை எடுத்துக்கொண்ட படிக்கட்டு.

இடத்தைத் தேடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. தேடி முடித்ததும் உட்கார்ந்து ஆட்டத்தைப் பாருங்கள்.

கல்யாணி கோவை

ஐயா தூணைச் சொன்னார். நான் தண்ணீரைச் சொல்கிறேன்.

1996 மார்ச் 11, உலகக் கோப்பைக் காலிறுதி, ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும். கல்லூரித் தோழியர் நான்கு பேர் போனோம். கிறிஸ் ஹாரிஸ் 130, மார்க் வா 110, மின்னொளியில் நல்ல ஆட்டம். எனக்கு அதைவிட நன்றாக நினைவிருப்பது தாகம். பெண்கள் போகும் நிலையில் அங்கே கழிப்பறை இல்லை என்று அண்ணன் எச்சரித்திருந்ததால், காலையிலிருந்து இரவு வீடு திரும்பும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. நான்கு பேருமே அப்படித்தான். பழைய மைதானத்தைப் பற்றி ஆண்கள் உருகி எழுதும்போதெல்லாம் எனக்கு அந்த நாக்கு வறட்சி வந்துவிடுகிறது.

2023 மார்ச்சில், பழைய பெவிலியன் இருந்த இடத்தில் கலைஞர் பெயரில் புதுக் கேலரி திறந்த அதே வாரம், ஆஸ்திரேலியாவுடனான ஒருநாள் ஆட்டத்துக்கு என் அம்மாவை அழைத்துப் போனேன். எழுபது வயது அவருக்கு. தோற்றோம், ஆனாலும் அம்மா இன்றுவரை அதைப் பற்றித்தான் பேசுகிறார்.

ராயபுரத்துச் சகோதரரே, தயிர் சாதம் கட்டிக் கொடுத்த உங்கள் அம்மா என்றைக்காவது மைதானத்துக்கு வந்திருக்கிறாரா?

ராயபுரத்துக்காரன்

உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுதவில்லை. வந்ததில்லை. எனக்கு அது தோன்றியதுகூட இல்லை.

நேற்று இரவு அம்மாவிடம் கேட்டேன். "கல்யாணமான புதிதில் ஒரு முறை கூப்பிட்டார். அப்புறம் அவரே, அங்கே பெண்களுக்கு வசதி இல்லை, வேண்டாம் என்றுவிட்டார். நீ பிறந்த பிறகு இருவருக்கும் சோறு கட்டுவதோடு சரி" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை, உப்பு விலை சொல்வது போலத்தான் சொன்னார். வருகிறாயா என்றேன். "படி ஏற வேண்டுமா?" என்று கேட்டார். அவ்வளவுதான், சம்மதம்.

பெரியவர் ஐயாவுக்கு நன்றி. உங்கள் தகப்பனார் மரத்தைத் தேடியதைப் படித்தபோது மனம் கனத்தது.

கல்யாணி கோவை

புதுக் கேலரிகள் செங்குத்தானவை, மேலே போனால் இறங்கும்போது பிடிமானம் தேடுவார். கீழ் வரிசையில், நடைவழிக்குப் பக்கத்து இருக்கையாகப் பார்த்து வாங்குங்கள். பகல் ஆட்டம் என்றால் கிழக்குப் பக்கத்தில் பிற்பகல் வெயில் உண்டு, தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

ராயபுரத்துக்காரன்

கால்வாய்ப் பக்கம், கீழ் வரிசை, இரண்டு டிக்கெட். எழுதி வைத்துக்கொண்டேன். தொப்பியோடு ஒரு செய்தித்தாளும் எடுத்துப் போகிறேன்.

அல்லிக்கேணி நண்பரே, ஆட்டத்துக்கு முன்பு அம்மாவுடன் உங்கள் மாடிக்கு வருகிறோம். அந்தத் துண்டை எனக்குத் தர வேண்டாம், தொட்டி மூடி மேலேயே இருக்கட்டும். ஒரு முறை கை வைத்துப் பார்த்துவிட்டுப் போகிறேன்.

அல்லிக்கேணி மாடி

வாருங்கள். சாப்பாடு எங்கள் வீட்டில். இந்த முறை அம்மா ஒன்றும் கட்டிக்கொண்டு வர வேண்டாம்.