சாப்பாட்டு வரிசையில் கிடைத்த ஞாயிற்றுக்கிழமை வேலை

எம்.லிப்.ஐ.எஸ்சி. (நூலக அறிவியல் முதுகலை) படித்தபோது கருத்தரங்கு என்றாலே எனக்குச் சான்றிதழும் மதியச் சாப்பாடும்தான். வியாசர்பாடி ஜீவாவில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, எழும்பூர் வரை நடந்தே கோஹா என்ற நூலக மென்பொருள் பற்றிய பயிலரங்குக்குப் போனதும் அதற்காகத்தான். மார்க் பதிவில் (புத்தக விவரத்தைக் கணினியில் ஏற்றும் வடிவம்) 245 என்றால் தலைப்பு, 082 என்றால் டூயி எண் (புத்தகத்தைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் எண்) என்பதைத் தவிரக் காலை வகுப்பில் ஒன்றும் ஏறவில்லை.

சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர். "எந்த ஏரியாம்மா?" என்றார். சொன்னேன். "காசிமேட்டுல பசங்களுக்கு ஒரு ரூம்ல புத்தகம் வச்சிருக்கோம், ஞாயிற்றுக்கிழமை வாயேன்." தனியாகப் போகத் தயக்கம், தோழியையும் இழுத்துக்கொண்டு போனேன்.

போன வேகத்தில் எல்லாவற்றுக்கும் டூயி எண் ஒட்டினேன். தமிழ் இலக்கியம் 894.811, கதை என்றால் 894.8113. அலமாரியில் முக்கால்வாசி ஒரே எண்! ஒரு பையன் வந்து "அக்கா, பேய்க் கதை எங்க?" என்றான். எனக்கே தெரியவில்லை. சார் சிரித்துக்கொண்டே "நாலாவது விதி என்னம்மா?" என்றார். வாசகரின் நேரத்தைச் சேமி. நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-இல் எழுதிய ஐந்து விதிகளில் ஒன்று, தேர்வில் இரண்டு பக்கம் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன், அவ்வளவுதான். எண்ணைப் பதிவேட்டோடு நிறுத்திவிட்டு, பேய்க்குச் சிவப்பு, விலங்குக்குப் பச்சை என்று கலர் டேப் ஒட்டினோம். அப்புறம் ஒரு வருடம் ஞாயிறெல்லாம் அங்கேதான்.

ஆனால் மாணவர் சந்தா கட்டிச் சேர்ந்த ஒரு நூலகச் சங்கத்திலிருந்து இன்றுவரை ஒரு கடிதம்கூட வரவில்லை. அந்தக் காசுக்கு பிரியாணி சாப்பிட்டிருக்கலாம்.

பெரம்பூரிலிருந்து ஒருவர்:
அப்படி ஒரேயடியாகச் சொல்லாதீர்கள் தோழி. 1928-இல் சென்னை நூலகச் சங்கம் என்று நாலு பேர் கூடி உட்காரவில்லை என்றால் 1948-இல் பொது நூலகச் சட்டம் வந்திருக்குமா? நான் வேலை பார்க்கும் கிளை நூலகமே அந்தச் சட்டத்தில் வந்ததுதான். கடிதம் வராவிட்டால் பொதுக்குழுவுக்குப் போய்க் கேளுங்கள்.

திருவொற்றியூர் மாணவி:
முதலாண்டு படிக்கிறேன் அக்கா. தெரியாதவர்களிடம் எனக்கு வாயே வராது. என்ன பேசுவது?

பதிவிட்டவர்:
நீ பேசவே வேண்டாம்மா. "எந்த நூலகத்துல வேலை பார்த்தீங்க சார்?" என்று மட்டும் கேள், அரை மணி நேரம் அவர்களே பேசுவார்கள். சாம்பார் சாதம் ஆறிப்போகும், பரவாயில்லை.