சாயங்கால அழுகைக்கு வசம்பு உரைக்கலாமா, கூடாதா?

கொழுந்துக்கூடை | இரவு 11.20
இலங்கையில் தலவாக்கலைக்குக் கிட்ட ஒரு தேயிலைத் தோட்டம். முதல் பிள்ளை, பையன், இன்றைக்கு 36 நாள். பகலில் பால் குடிப்பான், தூங்குவான், ஒரு தொந்தரவும் இல்லை. சாயங்காலம் ஆறு மணியானால் தொடங்குவான். முகம் சிவந்து, காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு ஒன்பது, சில நாள் பத்து வரைக்கும் ஒரே கத்தல். பால் கொடுத்தால் நாலு வாய் குடித்துவிட்டு உடம்பை வில் மாதிரி வளைப்பான், அப்புறம் தோளில் கக்குவான். நாங்கள் இருக்கிற லயம் வரிசை வீடுகள், இரண்டு வீட்டுக்கும் சுவர் ஒன்றுதான். பக்கத்துக் காம்பராவில் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறார்கள்.

மாமி வசம்பு உரைத்து நாக்கில் தடவ வேண்டும், ஓமத் தண்ணீர் ஒரு கரண்டி கொடுக்க வேண்டும் என்கிறார். குடும்பநல மாது வந்தபோது, தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாது என்றார். நான் யார் பேச்சைக் கேட்பது?

பண்டாரவளை அம்மாயி | இரவு 11.41
அது வாய்வு, மகள். நான் நாலு பெற்றேன், பேரப்பிள்ளைகள் ஒன்பது. எல்லாருக்கும் வசம்புதான். அதற்குப் பிள்ளை வளர்ப்பான் என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? விளக்கில் சுட்டுக் கரியாக்கி, தாய்ப்பாலில் உரைத்து ஒரு துளி வை. பிள்ளைக்குக் குளிரும் ஆகாது. ராத்திரிக்குச் சட்டியில் தணல் போட்டுக் காம்பராவில் வைத்துக் கதவைச் சாத்து. கக்குவதற்குப் பயப்படாதே, கக்குகிற பிள்ளை தேறும்.

இரவு டியூட்டி | இரவு 11.58
பிள்ளைகள் வார்டில் வேலை செய்கிறேன். அம்மாயி கோபிக்கக்கூடாது, முதலில் தணலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதை இன்றைக்கே வெளியே வைக்கச் சொல்லுங்கள் தங்கச்சி. மூடிய அறையில் கரித்தணல் கார்பன் மோனாக்சைடு விடும். அதற்கு மணமும் இல்லை, புகையும் இல்லை. தூங்கினவர்கள் எழும்பாமலே போய்விடலாம். குளிருக்குத் தொப்பியும் காலுறையும் ஒரு சட்டை கூடவும் போதும். தூங்கும்போது தொப்பியைக் கழற்றிவிடுங்கள்.

இப்போது வசம்பு. அதில் அசரோன் என்று ஒரு பொருள் உண்டு. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது கட்டி வந்ததால், அமெரிக்காவில் 1968-ல் வசம்பை உணவில் சேர்ப்பதையே தடை செய்தார்கள். சுட்டால் அதில் எவ்வளவு போகும், எவ்வளவு நிற்கும் என்று எந்த வீட்டிலும் அளந்து பார்ப்பதில்லை. ஓமத் தண்ணீரிலும் தண்ணீர்தான் பிரச்சினை. அது வயிற்றை நிரப்பினால் அந்த அளவு பால் குறையும். தேனை மட்டும் எவர் சொன்னாலும் ஒரு வயது வரை தொடவே கூடாது.

பண்டாரவளை அம்மாயி | இரவு 12.10
தணல் விஷயம் சரி மிஸ், ஒத்துக்கொள்கிறேன். எங்கள் காலத்து லயத்தில் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் கை நுழையும் சந்து, காற்று தானாக வரும். இப்போது எல்லாம் அடைத்துவிட்டார்கள். ஆனால் வசம்பு கொடுத்த என் ஒன்பது பேருக்கும் அழுகை நின்றதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

இரவு டியூட்டி | இரவு 12.24
நின்றிருக்கும். இந்த அழுகை பிறந்து இரண்டு, மூன்று வாரத்தில் தொடங்கி, ஆறாவது வாரத்தில் உச்சிக்குப் போய், மூன்று நாலு மாதத்தில் தானாக அடங்குகிறது. உச்சியில் நிற்கும்போதுதான் வீட்டில் எல்லாரும் ஓடி ஓடி மருந்து தேடுவோம். அதற்கு அடுத்த வாரம் எதைக் கொடுத்தாலும் கேட்கும். வசம்புக்குக் கிடைக்கிற பெயர் கிரைப் வாட்டருக்கும் கிடைக்கும், முனியாண்டி சாமி திருநீறுக்கும் கிடைக்கும். திருநீறாவது நெற்றியோடு நிற்கிறது.

இது வாய்வுதான் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. கத்தும்போது காற்றை விழுங்குவதால்தான் பாதி வாய்வு. 1954-ல் வெஸல் என்ற டாக்டர் ஒரு கணக்குச் சொன்னார்: ஒரு நாளில் 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல், 3 வாரத்துக்கு மேல் அழுதால் இந்த அழுகைதான். தங்கச்சி சொல்வது கிட்டத்தட்ட அப்படியே.

ஹட்டன் டவுன் அப்பா | இரவு 12.31
இரண்டு பேரும் பழைய காலத்தில் இருக்கிறீர்கள். இது ரிஃப்ளக்ஸ். அமிலம் மேலே ஏறி நெஞ்சு எரிகிறது, அதனால்தான் வளைகிறான். என் மகளுக்கு டவுனில் காசு கட்டிக் காட்டி அமிலம் குறைக்கிற மருந்து வாங்கினேன். தலைக்குத் தலையணையும் வைத்தேன். பத்து நாளில் சரி.

இரவு டியூட்டி | இரவு 12.47
எத்தனை வார வயதில் சரியானது என்று எண்ணிப் பாருங்கள் தம்பி, நான் மேலே சொன்னதுதான் வரும். பால் மேலே ஏறுவது உண்மை. வயிற்று வாயை மூடுகிற தசை பிறந்த பிள்ளைக்கு இன்னும் இறுகவில்லை, நாள் முழுக்க படுத்திருக்கிறது, குடிப்பதும் நீர்தான். ஆனால் எடை ஏறி, மற்றபடி நன்றாக இருக்கிற பிள்ளைக்கு அமில மருந்தால் அழுகை குறைவதில்லை. டாக்டர் பார்த்து, தேவை என்று எழுதினால் அது வேறு கதை. கக்கல் நாலு மாதம் வரை கூடி, அநேகமாக ஒரு வயதுக்குள் நின்றுவிடும்.

தலையணை வேண்டவே வேண்டாம். தலை முன்னால் மடிந்தால் மூச்சு அடைக்கும். குப்புறப் போடவும் கூடாது. கக்குகிற பிள்ளையும் மல்லாக்க, சமமான இடத்தில்தான் தூங்க வேண்டும்.

மஸ்கெலியா மருமகள் | இரவு 1.05
மிஸ் சொல்வது எனக்கு அரைவாசிதான் ஏற்கிறது. என் பிள்ளையும் ஐந்தாவது வாரத்தில் கக்கினான். வீட்டில் தேறும் என்றார்கள், காட்டின இடத்திலும் இது எல்லாப் பிள்ளைக்கும் வருவது, போங்க என்று அனுப்பினார்கள். ஒவ்வொரு பாலும் தோளைத் தாண்டிச் சுவரில் போய் அடித்தது. உடனே மறுபடி பசி. நாப்கின் நனைவது குறைந்தது. கடைசியில் இரைப்பையின் கீழ் வாய் தடித்து அடைத்திருக்கிறது என்று கண்டுபிடித்து ஆபரேஷன் செய்தார்கள். இப்போது பள்ளிக்கூடம் போகிறான். தானாக அடங்கும் என்பதும் ஒரு கைமருந்துதான் மிஸ், அளவு பார்க்காமல் எல்லாருக்கும் கொடுக்கக்கூடாது.

இரவு டியூட்டி | இரவு 1.19
இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், தவறு என்னுடையது. தங்கச்சி, கக்கல் வழிந்தால் பயமில்லை. பீச்சியடித்தால், பச்சையாகவோ இரத்தத்தோடோ வந்தால், பால் வேண்டாம் என்றால், சோர்ந்து கிடந்தால், உச்சிக்குழி புடைத்தால், காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 1990 அடித்தால் அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. கிளினிக் அட்டையில் எடை என்ன?

கொழுந்துக்கூடை | இரவு 1.32
பிறக்கும்போது 2 கிலோ 700. நாலு வாரத்தில் 3 கிலோ 500. கக்குவது வழிவதுதான், பீச்சவில்லை.

ஒன்று கேட்கலாமா? நேற்று அவரும் இல்லை, மாமியும் இல்லை. எட்டரை மணிக்கு எனக்குக் கை நடுங்கியது. பிள்ளையைப் பாயில் போட்டுவிட்டு வாசலில் போய் நின்றேன். அவன் கத்துவது கேட்டுக்கொண்டே இருந்தது. நான் கெட்ட தாயா?

பண்டாரவளை அம்மாயி | இரவு 1.36
ஐயோ மகள், அப்படிச் சொல்லாதே. இதைத்தான் மிஸ்ஸிடம் சொல்ல வந்தேன், எனக்கு எழுத வரவில்லை. வசம்பு உரைக்க ஒருத்தி வருவாள். உரைத்த கையோடு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு லயக் கோடி வரை நடப்பாள். இன்னொருத்தி வயிற்றில் எண்ணெய் தடவிக் காலை மடக்கி நீட்டுவாள். அந்த நேரத்தில் பெற்றவள் சோறு தின்பாள். நீங்கள் வசம்பை நிறுத்துங்கள் என்கிறீர்கள், அப்புறம் அந்த வீட்டுக்கு எவள் வருவாள்?

இரவு டியூட்டி | இரவு 1.50
இதற்கு என்னிடம் பதில் இல்லை அம்மாயி. வசம்பைத் தவிர நீங்கள் சொன்ன அத்தனையும் நாங்கள் சொல்வதும்தான். தோள், நடை, வயிற்றுத் தடவல், பால் குடித்ததும் அரை மணி நேரம் நிமிர்த்தி வைப்பது, நடுவில் ஒருமுறை ஏப்பம்.

தங்கச்சி, நீ செய்தது சரி. கை நடுங்கினால் பிள்ளையை மல்லாக்கக் கிடத்திவிட்டு ஐந்து பத்து நிமிடம் வெளியே நில். அழுது ஒன்றும் ஆகாது. குலுக்கினால்தான் மூளையில் இரத்தம் கசியும். ஆனால் மனம் இருட்டாகவே இருந்தால் குடும்பநல மாதுவிடம் மறைக்காதே, 1926 என்ற மனநல உதவி எண்ணுக்கும் பேசலாம்.

ஹட்டன் டவுன் அப்பா | இரவு 1.58
தலையணையை எடுத்துவிட்டேன். மருந்து விஷயத்தில் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

மஸ்கெலியா மருமகள் | இரவு 2.03
பிரசவ லீவு 12 வாரம், முன்னால் இரண்டு போனால் மிச்சம் பத்து. உச்சி ஆறில். இறங்குவதற்குள் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போக வேண்டும். வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவில் யார் தோளில் போட்டு நடப்பார்கள் என்பதையும் இப்போதே பேசி வையுங்கள்.

கொழுந்துக்கூடை | மறுநாள் இரவு 9.15
தணல் சட்டி வாசலுக்குப் போய்விட்டது. வசம்பு வேண்டாம் என்றதற்கு மாமி மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு இருந்தார். ஆறு மணிக்கு அவரிடமே பிள்ளையைக் கொடுத்து, நீங்கள் நடந்தால்தான் அடங்குகிறான் என்றேன். பொய்தான். ஏழரை வரை நடந்தார், அவன் அடங்கவில்லை. நான் சுடுசோறு சாப்பிட்டேன். பெருங்காயம் தொப்புளைச் சுற்றித் தடவலாமா என்று மாமி கேட்கச் சொன்னார்.

இரவு டியூட்டி | இரவு 9.40
தொப்புள் புண் காய்ந்துவிட்டதா? காய்ந்திருந்தால் வெளியே மட்டும் தடவட்டும், தோல் சிவந்தால் விட்டுவிடச் சொல். மாமி தடவினால் எனக்கு ஆட்சேபம் இல்லை.