பத்மநாபபுரம் அரண்மனை: செருப்பைக் கழற்றத்தான் வேண்டுமா?

ஊர்சுற்றி: இன்னும் வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்கிறார்கள். அது கோயில் இல்லை, அருங்காட்சியகம். டிக்கெட் வாங்கியவனை வெறுங்காலில் நடக்கவிடுவது என்ன நிர்வாகம்?

தக்கலைக்காரன்: பக்திக்காகக் கழற்றச் சொல்கிறார்கள் என்று யார் சொன்னது? தரைக்காகத்தான். முகம் தெரிகிற அந்தக் கறுப்புத் தரை சிமென்ட் கிடையாது. சுண்ணாம்பு, சுட்ட தேங்காய்ச் சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துத் தேய்த்தது என்பார்கள் எங்கள் ஊரில். செருப்படியில் ஒரு பொடிக்கல் போதும், கீறிவிடும். அதே பக்குவத்தில் திரும்பப் போட ஆள் எங்கே?

ஊர்சுற்றி: வெறுங்காலில் வியர்வை இல்லையா? முற்றத்து மணலை மிதித்துவிட்டு வந்தால் அது மட்டும் கீறாதா? காலுக்குத் துணி உறை கொடுக்கலாமே.

தக்கலைக்காரன்: துணி உறையோடு அந்த ஒடுக்கமான மரப்படியில் ஏறிப் பாருங்கள். விழுந்தால் நிர்வாகத்தைத்தானே திட்டுவீர்கள்? மணல் ஒட்டினால் காலுக்கு உறுத்தும், தட்டிவிடுவோம். செருப்புக்கு உறுத்துமா?

தோவாளைப்பூ: செருப்பை விடுங்கள். அரண்மனை நிற்பது கன்னியாகுமரி மாவட்டத்தில், நடத்துவது கேரளத் தொல்லியல் துறை. 1956-இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, இது மட்டும் ஏன் அங்கே போனது? அதைக் கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

தக்கலைக்காரன்: ஒழுங்காக வைத்திருக்கிறார்களா இல்லையா? நம் கையில் இருக்கிற கோட்டைகளில் காதலர் பெயர் கிறுக்காத சுவர் ஒன்றைக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம்.

தோவாளைப்பூ: அண்ணாச்சி கேரளத்துக்கு வக்காலத்து வாங்குவது புதிதல்ல. உதயகிரிக் கோட்டை விவாதத்திலும் இதே பாட்டுதான்.

தக்கலைக்காரன்: அன்றைக்கு விடை தெரியாமல் ஓடியவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

மரவேலை: தரையையே பேசுகிறீர்களே, மேலே பார்த்தீர்களா? முழுக்க மரமும் ஓடும். மழைக்கு முன் உடைந்த ஓடுகளை மாற்றி, ஓட்டு மடிப்பில் அடைந்த இலையைக் கூட்டித் தள்ளாவிட்டால் உத்திரத்தில் ஈரம் இறங்கும், பின்னாலேயே கரையான் வரும். வளாகத்து மரக்கிளை கூரையைத் தொடாமல் வெட்டுவதும் பராமரிப்புதான். காசு அங்கேதான் போகிறது.

தக்கலைக்காரன்: சரி, மறுக்கவில்லை. ஆனால் ஓடு உடைந்தால் வேறு ஓடு கிடைக்கும். இந்தத் தரை கிடைக்காது. செருப்பு விதி இருக்கட்டும்.

மரவேலை: செதுக்கிய உத்திரம் மட்டும் சந்தையில் கிடைக்குமா? தச்சனிடம் வந்து சொல்லுங்கள்.

ஊர்சுற்றி: வியர்வைக்கு இன்னும் பதில் வரவில்லை.

தக்கலைக்காரன்: வியர்வையைத் துணியால் துடைக்கலாம், கீறலைத் துடைக்க முடியாது. எத்தனை தடவை சொல்வது? திங்கள்கிழமை விடுமுறை, மற்ற நாளில் வந்து குனிந்து பாருங்கள்.

ஊர்சுற்றி: வருகிறேன், துணி உறையோடு.

தோவாளைப்பூ: 1956-க்கும் பதில் இல்லை.