இறக்குமதி இயந்திரம்: வரிக் கணக்கு ஏன் பொருந்தவில்லை?

கேள்வி:
வணக்கம். ஈரோட்டில் மசாலாப் பொடி தயாரிக்கும் சிறுதொழில் நடத்துகிறேன். பாக்கெட் போடும் இயந்திரம் ஒன்றைச் சீனாவிலிருந்து சென்னைத் துறைமுகம் வழியாகத் தருவிக்கிறேன். கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்த சி.ஐ.எஃப். விலை 2,00,000 ரூபாய். சுங்க வரி 7.5 சதவீதம், ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிக்கான ஜி.எஸ்.டி.) 18 சதவீதம் என்பதால் 51,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருந்தேன். சுங்கத்திலிருந்து சரக்கை விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட்டோ வரி மட்டும் 55,470 ரூபாய் என்றும், அதற்கு மேல் ‘டெஸ்டினேஷன் சார்ஜ்’ 31,000 ரூபாய் என்றும் எழுதியிருக்கிறார். கப்பல் கூலியை விற்பவரே கட்டியிருக்கும்போது இது எதற்கு?

பதில் 1:
வரியில் ஏஜென்ட் சொல்வதே சரி. அடிப்படைச் சுங்க வரி 15,000. அந்த வரியின் மேல் 10 சதவீதமாகச் சமூக நல மேல்வரி 1,500. இவை இரண்டையும் பொருளின் மதிப்போடு கூட்டி வரும் 2,16,500 ரூபாய்க்குத்தான் 18 சதவீத ஐ.ஜி.எஸ்.டி. கணக்கிடப்படுகிறது, அது 38,970. சில இணையக் கணிப்பான்கள் இறக்குகூலி என்று மதிப்பில் இன்னும் ஒரு சதவீதம் சேர்க்கின்றன. 2017-லேயே நீக்கப்பட்ட அதை நம்ப வேண்டாம். டாலர் விலையை ரூபாயாக மாற்றவும் வங்கியின் மாற்று விகிதம் செல்லாது, சுங்க வாரியம் அறிவிக்கும் விகிதமே செல்லும்.

பதில் 2:
அந்த 31,000 வரி அல்ல. பலருடைய சரக்கை ஒரே கன்டெய்னரில் ஏற்றும் சரக்கு முகவர்கள், விற்பவருக்குக் கப்பல் கூலியை அடிமட்டத்துக்குக் குறைத்துக் கொடுத்துவிட்டு, விட்ட தொகையை டெலிவரி ஆர்டர் (சரக்கை ஒப்படைக்கும் ஆணை) கட்டணம், கையாளும் கட்டணம் என்ற பெயர்களில் இங்கே பெறுபவரிடம் வசூலிப்பது இத்தொழிலில் நெடுநாள் வழக்கம். சரக்கு ஏறும் முன்பே இக்கட்டணங்களை எழுத்தில் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். அடுத்த முறை எஃப்.ஓ.பி. விலைக்கு (கப்பலில் ஏற்றும் வரையான செலவு மட்டும் சேர்ந்த விலை) வாங்கி, கப்பல் கூலியை நீங்களே பேசுங்கள்.

கேட்டவர்:
நன்றி. இதில் எதையாவது திரும்பப் பெற முடியுமா?

பதில் 1:
பில் ஆஃப் என்ட்ரியில் (சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் படிவம்) உங்கள் ஜி.எஸ்.டி. எண் இருந்தால் 38,970 ரூபாயை உள்ளீட்டு வரி வரவாக எடுத்து, விற்பனைக்கு நீங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வணிகர்கள் விற்றுமுதலில் குறைந்த சதவீத வரி கட்டும் முறை) இருப்பவர்களுக்கு அந்த வசதி கிடையாது. சுங்க வரியும் மேல்வரியுமான 16,500 ரூபாய் திரும்ப வராது, அதை இயந்திரத்தின் விலையோடு சேர்த்துவிடுங்கள். பில் ஆஃப் என்ட்ரியைக் கப்பல் வரும் முன்பே தாக்கல் செய்யச் சொல்லுங்கள். தாமதமானால் முதல் 3 நாள்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாயும், பிறகு 10,000 ரூபாயும் கட்ட நேரிடும்.