மகள்ட பந்து மேசையில நிக்குதில்ல, என்ன பெட் வாங்கலாம்? (அவசரம்)

ஆரையூரான்
மகளுக்கு மேசைப்பந்து ஆடப் புது பெட் (மட்டை) ஒண்டு வாங்கணும். அடிக்கிற பந்துல பாதி நெட்டுல, பாதி மேசைக்கு வெளிய. போன மாசம் வரைக்கும் நல்லா ஆடின புள்ள. மாகாணப் போட்டிக்கு மூணு கிழமதான் இருக்கு. காசு பிரச்சினையில்ல, நல்ல பெட் ஒண்டச் சொல்லுங்க. கெதியாச் சொன்னா கொழும்புல இருந்து எடுப்பிக்கலாம்.

கல்லடி_அலை
வயசு என்ன? எத்தின வருசமாப் பழகுறா? இப்ப கையில இருக்கிறது என்ன பெட்? மரம் எது, ரெண்டு பக்கத்து றப்பரும் எது, றப்பருக்குக் கீழ உள்ள ஸ்பொன்ஜ் எத்தின மில்லிமீற்றர்? போன மாசம் வரைக்கும் நல்லா ஆடினா எண்டா, போன மாசம் என்ன மாறின? இது ஒண்டும் தெரியாம பெட் சொல்ல ஏலாது.

கல்முனை_பெக்ஹேண்ட்
எந்த அடி நெட்டுல விழுது, எந்த அடி வெளிய போகுது எண்டும் எழுதுங்க அண்ணன். ரெண்டும் ஒரே அடியா இருந்தா கையில பிழை. போர்ஹேண்ட் (உள்ளங்கைப் பக்கத்து அடி) ஒரு மாதிரி, பெக்ஹேண்ட் (புறங்கைப் பக்கத்து அடி) வேற மாதிரி எண்டா றப்பர்லதான் பிழை.

அக்கரைப்பற்று_முள்ளு
பெக்ஹேண்ட் பக்கம் நீள முள்ளு றப்பர் (மேல நீளமான சின்ன முள்ளுகள் நிக்கிறது) ஒட்டுங்க. அந்த வயசுப் புள்ளகளுக்கு முள்ளுல இருந்து வாற பந்து விளங்காது. எதிர்ப்பக்கம் டொப்ஸ்பின் (முன்சுழற்சி) போட்டா அது கட் (பின்சுழற்சி) ஆகித் திரும்பும். மூணு கிழமையில பலன் தெரியும்.

மூத்தகை
இந்தக் கேள்விக்கு எத்தின தரம்தான் பதில் எழுதுறது. ஆடுறது பெட் இல்ல, கை. போர்ஹேண்ட் 50, பெக்ஹேண்ட் 50 விடாமப் போட புள்ளைக்கு ஏலுமா எண்டு முதல்ல எண்ணிப் பாருங்க. ஏலாட்டி பெட்டப் பத்திக் கதைக்கவே தேவையில்ல. தாய் தகப்பன்மார் பழக்குறவர்ட வேலைக்குள்ள தலையப் போடுறதாலதான் இவ்வளவும் வருது.

ஆரையூரான்
வயசு 10. ரெண்டு வருசமாப் பழகுறா. பழைய பெட் கடையில ஒட்டினபடியே விக்கிறது. போன மாசம் லண்டன்ல இருந்து மச்சான் புது பெட் அனுப்பினவர். மரம் கார்பன் நார் வச்சது. கறுப்புப் பக்கம் ஹரிகேன் 3, சிவப்புப் பக்கம் டெனர்ஜி 05 எண்டு போட்டிரிக்கு. பெரிய ஆக்கள் பாவிக்கிற பெட் எண்டதால அதுல பிழை இருக்காது எண்டு நினைச்சு எழுதல்ல. கறுப்புப் பக்கத்தால போர்ஹேண்ட் போட்டா நெட்டுல விழுது. சிவப்பால புளொக் பண்ணினா (வாற பந்துக்கு பெட்டக் காட்டித் தடுத்தா) வெளிய போகுது.

செங்கலடி_சேர்
இப்பதான் விசயம் வந்திரிக்கு. மகள்ட கையில பிழை தேட வேண்டாம். ரெண்டு பக்கமும் ரெண்டு காரணம்.

ஹரிகேன் 3இன்ட ஸ்பொன்ஜ் கடினம். சீன அளவுல 39, 40 எண்டு போட்டிரிக்கும். ஐரோப்பிய றப்பர்ல அதே 40ஐப் பார்த்து ஒண்டு எண்டு நினைக்கக் கூடாது, சீன அளவு அதவிடக் கனக்கக் கடினம். அந்த ஸ்பொன்ஜுக்குள்ள பந்து புதையணும் எண்டா கை வேகமா வரணும். 10 வயசுப் புள்ளைட வீச்சுக்கு அது புதையாது. மேல் தோல்ல மட்டும் பட்டு, சுழற்சியும் இல்லாம உயரமும் இல்லாம போய் நெட்டுல விழும்.

டெனர்ஜி நேர்மாறு. ஸ்பிரிங் மாதிரி உள்ள றப்பர். எதிர்ப்பக்கம் வேகமா வாற பந்துக்கு பெட்டச் சும்மா காட்டினாலே அது தானா எறியும். அதுக்குக் கீழ விறைப்பான கார்பன் மரம். பந்து பெட்டுல நிக்கிற நேரம் குறைஞ்சு போகும், அதால சின்னக் கைக்கு அடக்க ஏலாது. மேசைட நீளம் 2.74 மீற்றர்தான். மெல்லத் தொட்டாலே கடைசிக் கோட்டத் தாண்டும்.

மற்றது பாரம். சமையல் தராசுல பெட்ட வச்சுப் பாத்திட்டு எழுதுங்க. மரம் 88, ஹரிகேன் 50, டெனர்ஜி 47 எண்டு வச்சா 185. பசையும் ஓர நாடாவும் சேர 190க்குக் கிட்டப் போகும். இந்த வயசுக்கு 160இல இருந்து 170 கிராம் வரைதான் நல்லம். பத்து நிமிசம் ஆடின பிறகு பெட்டுட நுனி கீழ தொங்குதா எண்டு பாருங்க. தொங்கினா முழங்கைய உடம்போட ஒட்டி வச்சுக்கொண்டுதான் அடிப்பா. அந்தப் பழக்கம் ஒருக்கா வந்தா எடுக்கிறது கஸ்ரம்.

வாங்க வேண்டியது அஞ்சு அடுக்கு மரம், கார்பன் இல்லாதது. ஸ்டிகா ஓல்ரவுண்ட் கிளாசிக், இல்லாட்டி யசாகா ஸ்வீடன் எக்ஸ்ட்ரா. 80 – 85 கிராம் உள்ளதா எடுங்க. ஒரே பேர்ல வாற மரமே ஒண்டுக்கொண்டு சில கிராம் வித்தியாசப்படும், அதால கடைக்காரர நிறுத்துச் சொல்லச் சொல்லுங்க. றப்பர் ரெண்டு பக்கமும் ஒண்டு போதும்: யசாகா மார்க் வி 1.8, இல்லாட்டி பட்டர்ஃப்ளை ஸ்ரைவர் 1.7. இப்ப 2 மில்லிமீற்றருக்கு மேல வேண்டாம். அடி நிலையா வந்த பிறகு, ஒரு வருசம் போல போய், போர்ஹேண்ட் பக்கத்த மட்டும் 2.0க்கு ஏத்தலாம்.

கல்முனை_பெக்ஹேண்ட்
சேர், பாரம் சரி. ஆனா ஹரிகேன பிழை சொல்ல ஏலாது. சீனாவுல சின்னப் புள்ளகளே ஒட்டுற தன்மையுள்ள றப்பர்லதான் பழகுறாங்க. அதுல பந்து தானாப் போகாது. புள்ள முழுசா வீசித்தான் ஆகணும். மெல்லிய ஸ்பொன்ஜ் எடுத்து, கார்பன மாத்தினா போதும்.

செங்கலடி_சேர்
அங்க புள்ளகள் நாளுக்குப் பல மணித்தியாலம் பழகுறாங்க. பக்கத்துல ஒராள் கூடை கூடையாப் பந்து போட்டுக் குடுக்கும். இஞ்ச கிழமைக்கு மூணு நாள், ஒரு மேசைக்கு ஆறு புள்ளகள், ஆளுக்குப் பத்து நிமிசம். அந்த றப்பர் கேட்கிற வீச்சுப் பழக்கம் அதுல வராது. றப்பர் கூடாதெண்டு சொல்லல்ல, நேரம் காணாது எண்டுதான் சொல்றன்.

தாமரைக்கேணி
ஒருத்தரும் ஈரத்தப் பத்திக் கேக்கல்ல. ஹரிகேன் மாதிரி ஒட்டுற றப்பர் மழைக் காலத்துல வழுக்கும். கார்த்திகை, மார்கழில வாவிப் பக்கம் மண்டபத்துக் கதவத் திறந்து வச்சா பெட்டுல நீர் படியும். பந்த றப்பர்ல அமத்தி உருட்டிப் பாருங்க. பிடிக்காமச் சறுக்கினா ஈரம், இல்லாட்டி தூசி. ஒவ்வொரு ஆறு புள்ளிக்கும் துவாய் எடுக்க விதியில இடமிருக்கு. அந்த நேரம் கையையும் பந்தையும் றப்பரையும் காய்ஞ்ச துவாயால துடைக்கச் சொல்லுங்க. புள்ளகள் பெட்டுல "ஹா" எண்டு ஊதித் தேய்க்கிறத நிப்பாட்டணும், அதுதான் ஈரத்தக் கொண்டு வந்து வைக்கிறது.

ஆடி முடிஞ்சா நனைச்சுப் பிழிஞ்ச ஸ்பொன்ஜால துடைச்சு, காய வச்சு, மேல பிளாஸ்ரிக் தாள் ஒட்டி வைங்க. தண்ணி மட்டும் போதும். சவர்க்காரம், ஸ்பிரிட், டெற்றோல் ஒண்டும் வேண்டாம், றப்பர் விறைச்சுப் போகும். மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள்ள, வெயில்ல நிக்கிற வாகனத்துக்குள்ள பெட்ட வச்சிட்டுப் போகவும் கூடாது.

அக்கரைப்பற்று_முள்ளு
நான் சொன்ன முள்ளுக்கு ஒருத்தரும் பதில் தரல்ல. 2003 பரிஸ் உலகப் போட்டியில இறுதிக்கு வந்த தென்கொரியாக்காரர் ஜூ சே-ஹ்யுக் நீள முள்ளுக்காரர். 2018 பொதுநலவாயப் போட்டியில இந்தியாட மனிகா பத்ரா தங்கம் எடுத்ததும் பெக்ஹேண்ட்ல முள்ளு வச்சுத்தான். முள்ளு குறுக்கு வழி எண்டு சொல்றது அறியாமை.

கல்லடி_அலை
முள்ளு தரக்குறைவு எண்டு நான் சொல்ல மாட்டன். ஆனா ஜூ சே-ஹ்யுக் மேசைக்குப் பின்னால தூர நிண்டு கட் பண்ணுறவர், போர்ஹேண்ட்ல முள்ளில்லாத றப்பரால அடிச்சு முடிக்கவும் தெரிஞ்சவர். மனிகா பத்ரா பெட்டக் கைக்குள்ள திருப்பித் திருப்பி ஆடுறவ. அதுக்கு ரெண்டு றப்பரும் ரெண்டு பக்கமும் பழகியிருக்கணும். 10 வயசுல முள்ளு குடுத்தா புள்ள பெட்ட நீட்டிக்கொண்டு நிக்கப் பழகும். கோட்டத்துல வெல்லும், வலயத்துலயும் வெல்லும். மாகாணத்துல ஒரு புள்ள நீளமா, சுழற்சி இல்லாத பந்த மெதுவா அனுப்பினா திருப்பி அடிக்க அடி இரிக்காது. மறுகா 14 வயசுல முதல்ல இருந்து தொடங்கணும். அந்தப் புள்ளைக்கு நாம செய்றது அநியாயம்.

அக்கரைப்பற்று_முள்ளு
அது பழக்குறவர்ட பிழை, முள்ளுட பிழையில்ல. முள்ளால தள்ளவும் குத்தவும் பழக்கினா சும்மா நீட்டிக்கொண்டு நிக்காது.

மூத்தகை
எல்லாரும் பொருளப் பத்தியே கதைக்கிறீங்க. புள்ளைட காலப் பாத்தீங்களா? கால் நகராம கை மட்டும் நீட்டினா ஓல்ரவுண்ட் மரத்தாலயும் வெளியதான் போகும். போட்டிக்கு மூணு கிழமையில பெட் மாத்துறது எண்டு சொல்றவங்களுக்குப் போட்டி தெரியாது.

செங்கலடி_சேர்
வேகமான பெட்டுல இருந்து மெதுவான பெட்டுக்கு மாறினா கை அஞ்சாறு நாள்ல பழகிரும். மெதுவானதுல இருந்து வேகமானதுக்குப் போனாத்தான் மாசக் கணக்கு. அதோட, மகள் போன மாசம் வரைக்கும் மெதுவான பெட்டுலதான் ஆடியிரிக்கா. நீங்க சொல்ற கால் வேலையும் உண்மைதான். ரெண்டையும் சேர்த்துச் செய்யலாம்.

ஆரையூரான் தம்பி, கடையில ஒட்டின பழைய பெட்டுக்கே திரும்பிப் போனா என்ன எண்டு நினைக்கலாம். வேண்டாம். அந்த வகையில கனக்க றப்பர்ல பிடிமானம் இல்ல, சுழற்சி வராது. நிரந்தரப் பசையால ஒட்டியிரிக்கும், உரிச்சா மர நாரும் சேர்ந்து வரும். மற்றது, போட்டி விதி. றப்பர்ட கைபிடி ஓரத்துல ஐ.ரி.ரி.எஃப் (சர்வதேச மேசைப்பந்துச் சம்மேளனம்) அடையாளம் பொறிச்சிரிக்கணும். ஒரு பக்கம் கறுப்பு கட்டாயம். மற்றப் பக்கம் 2021 செப்டெம்பர் வரை சிவப்பு மட்டும்தான், இப்ப நீலம், பச்சை, ஊதா, இளஞ்சிவப்பும் சரி. புது றப்பர வெட்டும்போது அந்த அடையாளம் கைபிடிப் பக்கம் தெரியிற மாதிரி விட்டு வெட்டுங்க. வெட்டுப்பட்டுப் போனா நடுவர் பெட்டத் திருப்பித் தருவார்.

கல்முனை_பெக்ஹேண்ட்
மரமும் றப்பரும் தனித்தனியா வந்தா வீட்டுல ஒட்ட ஏலுமா? இஞ்ச ஒட்டித் தாறதுக்கு ஆள் இல்ல.

தாமரைக்கேணி
ஏலும் நானா. நீர்ப்பசை மட்டும் எடுங்க. சைக்கிள் ரியூப் ஒட்டுற பசை வேண்டாம். ஆவியாகிற கரைப்பான் பசைகளுக்கு 2008இல இருந்து தடை, புள்ளைட மூச்சுக்கும் கூடாது.

புது மரத்துல மெல்லிய வார்னிஷ் ஒரு பூச்சு பூசி ஒரு நாள் காய விட்டா, பிறகு றப்பர் உரிக்கேக்க நார் வராது. ஸ்பொன்ஜுல ஒரு பூச்சு, மரத்துல ஒரு பூச்சு, ரெண்டும் மெல்லிசா. பசை பால் மாதிரி வெள்ளையா இருக்கும். அது தெளிஞ்சு கண்ணாடி மாதிரி வந்தாத்தான் காய்ஞ்சது. வெயில் நாள்ல 15 நிமிசம், மழை நாள்ல 40 நிமிசமும் எடுக்கும். அவசரப்பட்டா உள்ள குமிழ் நிண்டு, அந்த இடத்துல பட்ட பந்து செத்து விழும். ஃபேன் காத்துப் போதும், சூடு காட்ட வேண்டாம்.

கைபிடிப் பக்கத்துல வச்சு, நுனி நோக்கிப் போத்தல உருட்டிக்கொண்டே படுக்க விடுங்க. றப்பர இழுத்து ஒட்டினா நாலு நாள்ல சுருங்கி ஓரத்துல மரம் தெரியும். தடிச்ச புத்தகம் ரெண்ட ஒரு மணித்தியாலம் மேல வச்சிட்டு, கத்தரிக்கோலால மரத்த ஒட்டி ஒரே வீச்சா வெட்டுங்க. மாத்தேக்க பழைய றப்பர மூலையில இருந்து குறுக்கால மெதுவா உரிக்கணும்.

கல்லடி_அலை
ஆரையூரான் அண்ணன், தராசுல எத்தின காட்டின? மகள்ட கை சின்னனா? மெல்லிய கைபிடி வேணுமெண்டா மரம் சொல்லேக்கயே அதையும் கேக்கணும்.

ஆரையூரான்
மன்னிக்கணும், வேலை. 193 கிராம். சேர் சொன்ன மரமும் மார்க் வி 1.8உம் வந்து ஒட்டியாச்சு, இப்ப 168. நாலு நாளா ஆடுறா. புளொக் மேசைக்குள்ள விழுது. போர்ஹேண்ட் இன்னும் கொஞ்சம் நெட்டுல, ஆனா குறைஞ்சிரிக்கு. எல்லாருக்கும் நன்றி.

செங்கலடி_சேர்
நெட்டுல விழுறது வீச்சு கீழ இருந்து மேல வராததால. பாரமான பெட்டால வந்த பழக்கம் அது. வெறுங்கையால நாளுக்கு 100 வீச்சு, முழங்கைய உடம்புல இருந்து ஒரு சாண் தள்ளி வச்சு. கார்பன் பெட்ட என்ன செஞ்சீங்க? றப்பரக் கழட்டாம உறையில போட்டு வெயில் படாம வைங்க, மரமாவது பிறகு உதவும்.

கல்லடி_அலை
கைபிடிக்குப் பதில் வரல்ல அண்ணன். மூணு விரலும் சுத்திப் பிடிக்கேக்க இடைவெளி நிக்குதா எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க.