கீமோ நடக்கும்போது மூலிகை மருந்து: 2 மணி நேர இடைவெளி விட்டால் போதுமா?

இளவேனில் கேட்டது:

எனக்கு மார்பகப் புற்றுநோய், இரண்டாம் நிலை, ஹார்மோன் ஏற்பி பாசிட்டிவ் (ஹார்மோனைப் பிடித்து வளரும் வகை). அறுவை சிகிச்சை முடிந்து, வாரம் ஒருமுறை பாக்லிடாக்செல் என்ற கீமோ மருந்து ஏறுகிறது. அது முடிந்ததும் டாமாக்சிஃபென் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை. இப்போதைய தொந்தரவுகள்: குமட்டல், உள்ளங்காலில் மதமதப்பு, ஓயாத அசதி.

கீமோவோடு சேர்ந்து உள்ளே போய்க்கொண்டிருப்பவை: மிளகுச் சத்து கலந்த மஞ்சள் கேப்ஸ்யூல், அமுக்கரா (அஸ்வகந்தா) சூரணம், கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட் மாத்திரை, நரம்புக்கென்று அசிட்டைல் எல் கார்னிட்டின், லேபிள் இல்லாத ஒரு பற்பம் (உலோகம், தாதுக்களைப் புடமிட்டு எடுக்கும் சித்த மருந்துப் பொடி). "கீமோவுக்கும் இவற்றுக்கும் 2 மணி நேரம் இடைவெளி விட்டால் ஒன்றும் செய்யாது" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அது சரியா? எதை நிறுத்த வேண்டும், எதைத் தொடரலாம்? அக்குபங்சர், யோகா போன்றவற்றை எந்த அளவுக்குச் சேர்க்கலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மருந்துப்பெட்டி பதில்:

இந்த 2 மணி நேரக் கணக்கு இங்கே செல்லாது. தைராய்டு மாத்திரையும் கால்சியமும் வயிற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க இடைவெளி உதவும். கீமோ மருந்தோடு மோதல் நடப்பது வயிற்றில் அல்ல, கல்லீரலில். அதுவும் பாக்லிடாக்செல் நேரே ரத்தக்குழாயில் ஏறுகிறது, வயிற்றைத் தொடுவதே இல்லை.

பாக்லிடாக்செலை உடைத்து வெளியேற்றுவது சிஒய்பி 2சி8, சிஒய்பி 3ஏ4 என்ற இரண்டு கல்லீரல் நொதிகள். ஒரு மூலிகை இவற்றைத் தடுத்தால் மருந்து ரத்தத்தில் கூடுதல் நேரம் தங்கும். வெள்ளையணு இன்னும் இறங்கும், காலின் மதமதப்பு கூடும். மாறாக நொதியைத் தூண்டிவிட்டால் மருந்து சீக்கிரம் கழிந்துவிடும். அப்போது பக்கவிளைவு குறைந்து, "மூலிகை நன்றாகக் கேட்கிறது" என்று தோன்றும். உண்மையில் குறைந்திருப்பது கீமோவின் வேலை. எனக்கு அதிகம் பயம் தருவது இந்த இரண்டாவது வகைதான். மனச்சோர்வுக்கு எடுக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகையை இரினோடிக்கான் என்ற கீமோ மருந்தோடு சேர்த்து 2002-இல் சோதித்தார்கள். புற்றைத் தாக்கும் இரினோடிக்கானின் செயல்வடிவம் ரத்தத்தில் 42 சதவீதம் குறைந்துபோயிருந்தது. அந்தத் தூண்டல் அடங்கவே ஏறக்குறைய 2 வாரம் பிடிக்கும். 2 மணி நேரம் எந்த மூலைக்கு?

இனி உங்கள் பட்டியல்.

அசிட்டைல் எல் கார்னிட்டின்: இன்றே நிறுத்துங்கள். மார்பகப் புற்றுக்கு டாக்சேன் வகைக் கீமோ (பாக்லிடாக்செல் இந்த வகைதான்) எடுத்த 409 பெண்களிடம், நரம்புப் பாதிப்பைத் தடுக்குமா என்று தினம் 3 கிராம் வீதம் 24 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2013-இல் முடிவு வந்தது. மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களைவிட இதை எடுத்தவர்களுக்கு மதமதப்பு அதிகமாகிவிட்டது. உங்களுக்கு நடப்பது அதே வகை மருந்து, அதே தொந்தரவு.

மஞ்சள் கேப்ஸ்யூல்: சமையலில் விழும் மஞ்சளைப் பற்றிக் கவலை வேண்டாம். கேப்ஸ்யூலில் இருப்பது செறிவூட்டிய குர்குமின். உடலில் அது சரியாக ஏறாது என்பதால்தான் மிளகிலிருந்து எடுத்த பைப்பரினைச் சேர்க்கிறார்கள். பைப்பரின் கல்லீரல் நொதிகளைத் தடுக்கும். குர்குமின் மட்டும் ஏறாது, மற்ற மருந்துகளின் அளவும் மாறும். டாமாக்சிஃபென் தொடங்கிய பிறகு சிக்கல் வேறு மாதிரி. அந்த மாத்திரை உடலில் எண்டாக்சிஃபென்னாக மாறித்தான் வேலை செய்கிறது. குர்குமினும் பைப்பரினும் சேர்த்துக் கொடுத்தபோது எண்டாக்சிஃபென் சுமார் 12 சதவீதம் குறைந்ததாக 2019-இல் வந்த ஒரு சிறிய ஆய்வு காட்டியது. ஏற்கெனவே அளவு குறைவாக இருப்பவருக்கு அந்த 12 சதவீதமே அதிகம். இந்தக் கூட்டால் கல்லீரல் வீங்கியவர்களும் உண்டு.

கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட்: தேநீராகக் குடிப்பதும் மாத்திரையும் ஒன்றல்ல. அதிலுள்ள ஈஜிசிஜி என்ற வேதிப்பொருள் தினம் 800 மில்லிகிராமைத் தொட்டால் கல்லீரல் நொதிகள் உயரத் தொடங்கும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது. மைலோமா என்ற ரத்தப்புற்றுக்கு போர்டெசோமிப் மருந்து எடுப்பவர்கள் இதன் பக்கமே போகக் கூடாது. ஈஜிசிஜி அந்த மருந்தைப் பிடித்துக்கொண்டு செயலற்றதாக்கிவிடுவது ஆய்வகத்திலும் எலிகளிலும் தெளிவாகத் தெரிந்தது.

அமுக்கரா: கல்லீரல் பாதிப்பும் தைராய்டு ஏற்றமும் பதிவாகியிருக்கின்றன. சீந்திலுக்கும் கல்லீரல் எச்சரிக்கை உண்டு. கீமோ முடியும்வரை தள்ளி வையுங்கள்.

கல்லீரலையே திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பாக்லிடாக்செலின் அளவு, கல்லீரல் பரிசோதனையில் வரும் பிலிருபினைப் பார்த்துத்தான் முடிவாகிறது. ஒரு வாரம் ஏஎல்டி என்ற கல்லீரல் நொதி எகிறினால், காரணம் கீமோவா, ஐந்து மாத்திரைகளில் ஒன்றா என்று மருத்துவரால் பிரித்தறிய முடியாது. அளவைக் குறைப்பார், அல்லது கீமோவைத் தள்ளிப்போடுவார். வாராவாரம் ஏற வேண்டிய மருந்தில் இடைவெளி விழுவதால் வரும் நஷ்டம், அந்த மாத்திரைகள் தரக்கூடிய எந்த லாபத்தையும்விடப் பெரிது.

குமட்டலைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாரப் பாக்லிடாக்செல் குமட்டலை அதிகம் கிளப்பும் மருந்தல்ல. வெறும் வயிற்றில் போடும் குர்குமின், கிரீன் டீ மாத்திரை, மலச்சிக்கல் ஆகிய மூன்றையும் முதலில் சந்தேகப்படுங்கள். மாத்திரைகளை நிறுத்தியதுமே பாதி அடங்கக்கூடும்.

---

வாகடம் பதில்:

சித்த மருத்துவம் படித்தவன் என்ற முறையில் மேலே உள்ளதை ஒப்புக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. கீமோ காலத்தில் சித்தத்துக்கு இடமே இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இடம் உண்டு. அது தொந்தரவைத் தணிப்பதில், கட்டியைக் கரைப்பதில் அல்ல. ஒரு தொந்தரவுக்கு ஒரே மருந்து, ஒரே சரக்கில் ஆனது, எடை போட்டது, தொடங்கிய தேதி எழுதிவைத்தது. இந்த நான்கும் இல்லாத எதையும் நான் தரமாட்டேன். "ஒரு சிட்டிகை", "ஒரு வெருகடி" என்ற அளவெல்லாம் இங்கே கூடாது.

குமட்டலுக்குச் சுக்கு, அதாவது உலர்ந்த இஞ்சி. 576 பேரிடம் நடந்து 2012-இல் வெளிவந்த ஆய்வில், வழக்கமான வாந்தித் தடுப்பு மருந்தோடு சேர்த்து நாளொன்றுக்கு அரை முதல் 1 கிராம் இஞ்சி கொடுத்தபோது நல்ல பலன் கிடைத்தது. 1.5 கிராமுக்குப் போனபோது பலன் கூடவில்லை. எல்லா ஆய்வுகளும் இப்படிச் சாதகமாக அமையவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே கீமோவுக்கு 3 நாள் முன் தொடங்கி 6 நாள் கொடுத்தார்கள். வாரக் கீமோவில் அதே கணக்கைப் பிடித்தால் கிட்டத்தட்ட தினமும் என்றாகிவிடும். ஆகவே கீமோ அன்றும் மறுநாளும் மட்டும், கால் கிராம் வீதம் இருவேளை என்று தொடங்கலாம் என்பது என் அபிப்பிராயம். ஆங்காலஜிஸ்டிடம் (புற்றுநோய் மருத்துவரிடம்) சொல்லிவிட்டு எடுங்கள். தட்டணு (பிளேட்லெட்) 50,000-க்குக் கீழே இருந்தாலோ, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுத்தாலோ சுக்கும் வேண்டாம்.

பத்தியத்தைப் பற்றி எங்கள் துறையினருக்கே சொல்ல வேண்டியிருக்கிறது. உப்பில்லை, புளியில்லை, பருப்பில்லை, பாலில்லை என்று கீமோ நோயாளியை வற்றவைப்பது பெரிய தவறு. தசை கரைந்தவருக்குக் கீமோவின் நச்சு கூடுதலாக ஏறும். உடல் எடை கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 72 முதல் 90 கிராம். இதைக் குறைக்கும் பத்தியம் எதுவும் இப்போது வேண்டாம்.

வறுக்காத, கொதிக்காத சூரணங்களில் பூஞ்சையும் கிருமியும் இருக்கும். வெள்ளையணு இறங்கியிருக்கும் நாட்களில் அதுவே ஆபத்து. காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் கஷாயம் போட்டுப் பார்க்கக் கூடாது. அந்த மணி நேரத்திலேயே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

---

நடைபாதை பதில்:

மருந்தில்லாத பக்கத்தை நான் சொல்கிறேன். பிசியோதெரபிக் கோணம்.

அசதிக்கு ஓய்வைவிட உடற்பயிற்சி நன்றாகக் கேட்கும். முதலில் ஹீமோகுளோபினையும் தைராய்டையும் பார்த்துவிடுங்கள். கீமோவுக்கு முன் போடும் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு அன்றிரவு தூக்கத்தைக் கெடுக்கும், அந்த அசதி வேறு வகை. பிறகு வாரம் 3 நாள், 30 நிமிடம் மிதமான வேகத்தில். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். 2 நாள் ரப்பர் பட்டை அல்லது சிறு எடையோடு பயிற்சி, 2 செட், செட்டுக்கு 12 முதல் 15 முறை. உள்ளங்கால் மதமதத்திருப்பதால் மேடுபள்ளமான பாதையில் நடை வேண்டாம், நிலைச் சைக்கிள் நல்லது. பெருங்குடல் புற்றுக்குக் கீமோ முடித்த 889 பேரை 3 ஆண்டு கண்காணிப்போடு பயிற்சி செய்யவைத்த ஆய்வு 2025-இல் வெளியானது. 5 ஆண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 80.3 சதவீதம், கையேடு மட்டும் பெற்ற குழுவில் 73.9. அந்த முடிவை மார்பகப் புற்றுக்கு அப்படியே பொருத்த முடியாது, ஆனாலும் உடற்பயிற்சியைச் சிகிச்சையாகவே எண்ண அது போதும்.

யோகாவும், தாய்ச்சி, சீகுங் என்ற மெதுவான சீன உடற்பயிற்சிகளும் அசதிக்கும் பதற்றத்துக்கும் உதவும். எலும்புக்குப் பரவியவர்கள் முதுகைத் திருகும், ஆழக் குனியும் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும். முதுகெலும்பு நொறுங்கிப்போகலாம்.

அக்குபங்சர் செய்பவரிடம் போகும்போது கடைசி ரத்தப் பரிசோதனைத் தாள் கையில் இருக்கட்டும். நியூட்ரோஃபில் (கிருமியை எதிர்க்கும் வெள்ளையணு) 500-க்குக் கீழே என்றால் ஊசி வேண்டாம். தட்டணு 50,000-க்குக் கீழே என்றால் ஆங்காலஜிஸ்டைக் கேட்ட பிறகே. அக்குளில் நிணநீர்க் கணு எடுத்த பக்கத்துக் கையில் குத்த விடாதீர்கள். ஊசியே வேண்டாம் என்றால் அழுத்தம் போதும். உள்ளங்கையை மேலே திருப்பி, மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கை நோக்கி மூன்று விரல் அகலம் அளந்தால், நடுவில் ஓடும் இரண்டு தசைநாண்களுக்கு இடையே உள்ள பள்ளம். கட்டைவிரலால் 2, 3 நிமிடம் அழுத்துங்கள். குமட்டலுக்குச் சீன மருத்துவத்தில் அதிகம் பயன்படும் புள்ளி இது.

மதமதப்புக்கு, பாக்லிடாக்செல் ஏறத் தொடங்கும் 15 நிமிடம் முன்பிருந்து முடிந்து 15 நிமிடம் வரை உறைகுளிர் கையுறை, காலுறை போட முடியுமா என்று கீமோ வார்டில் கேளுங்கள். சில மையங்களில் செய்கிறார்கள். வெறும் பனிக்கட்டியைத் தோலில் நேரடியாக வைக்கக் கூடாது.

---

இளவேனில்:

மிக்க நன்றி. ஆங்காலஜிஸ்டுக்கு இன்றே எல்லாவற்றையும் எழுதி அனுப்புகிறேன். இரண்டு சந்தேகம். கட்டியையே குறைக்கும் கீழை மருந்து எதுவுமே இல்லையா? நித்தியகல்யாணி இலையும் ஆர்சனிக்கும் புற்றுநோய்க்கு மருந்து என்கிறார்களே? இன்னொன்று, அந்தப் பற்பத்தை இதுவரை எடுத்ததற்கு என்ன செய்வது?

---

மருந்துப்பெட்டி பதில்:

இரண்டும் உண்மைதான். ஆனால் எப்படி உண்மையாயின என்பதைப் பாருங்கள்.

சீனப் பாரம்பரிய மருத்துவத்தில் ஆர்சனிக் இருந்தது. ஹார்பின் நகர மருத்துவர்கள் 1970-களில் அதைச் சுத்திகரித்த ஊசியாக்கிப் பல புற்றுகளில் முயன்றார்கள். ஏபிஎல் என்ற ஒரே ஒரு ரத்தப்புற்று வகையில்தான் அது பிரமாதமாகக் கேட்டது. அந்த நோயை உண்டாக்கும் பிஎம்எல்-ராரா என்ற புரதத்தையே ஆர்சனிக் சிதைக்கிறது. 2000-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. இப்போது ட்ரெட்டினாயின் என்ற மருந்தோடு சேர்த்து அதுவே முதல்வரிசைச் சிகிச்சை. தினம் கிலோவுக்கு 0.15 மில்லிகிராம், ரத்தக்குழாய் வழியாக. இதயத் துடிப்பு தடுமாறலாம் என்பதால் திரும்பத் திரும்ப ஈசிஜி, பொட்டாசியம், மெக்னீசியம். அளவு தெரியாத ஆர்சனிக் கலந்த மருந்தை மார்பகப் புற்றுக்கு விழுங்குவதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

நித்தியகல்யாணியிலிருந்து வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற இரண்டு கீமோ மருந்துகள் வந்தன. இலையில் எழுபதுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள், வேண்டியது இம்மியளவு. இலையை மென்றால் மருந்தளவு கிடைக்காது, நச்சு கிடைக்கும். சொல்லப்போனால் பாக்லிடாக்செலும் பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து வந்ததே. மூலிகையை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள், அளந்த வடிவில்.

"முதலில் மூலிகை, பிறகு கீமோ" என்று யாராவது சொன்னால்: மாற்று மருத்துவத்தை மட்டுமே தேர்ந்த 281 பேரை வழக்கமான சிகிச்சை பெற்ற 560 பேரோடு ஒப்பிட்டு 2018-இல் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. இறப்பு அபாயம் மொத்தத்தில் 2.5 மடங்கு, மார்பகப் புற்றில் மட்டும் 5 மடங்குக்கும் மேல்.

---

வாகடம் பதில்:

பற்பத்தை நிறுத்துங்கள், ஆனால் தூக்கி எறியாதீர்கள். பொட்டலத்தோடு ஒரு சிறு அளவை மூடிய டப்பாவில் வையுங்கள், தேவைப்பட்டால் ஆய்வகத்தில் சோதிக்கலாம். அடுத்த கீமோவுக்கு முன்பே ஆங்காலஜிஸ்டிடம் சொல்லி ரத்தத்தில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் அளவும், கிரியேட்டினினும் கல்லீரல் பரிசோதனையும் பார்க்கச் சொல்லுங்கள். ஈயமும் பாதரசமும் நரம்பைத் தாக்கும். கால் மதமதப்பு முழுவதும் பாக்லிடாக்செலால்தான் என்று எண்ணிக் கீமோ அளவைக் குறைத்துவிடக் கூடாது, அதனால்தான் இந்த அவசரம்.

எத்தனை நாள் எடுத்தீர்கள், ஒரு வேளைக்கு எவ்வளவு, எந்த அனுபானத்தில் (எதில் குழைத்து) என்பதையும் எழுதிக் கொடுங்கள். தேனா நெய்யா என்பதுகூட இருக்கட்டும்.

கீமோ முடிந்த பிறகு மூலிகை மருந்து ஏதாவது தொடங்குவதென்றால் தயாரித்தவரிடம் அந்தத் தொகுதிக்கான உலோகப் பரிசோதனைச் சான்று கேளுங்கள். இந்தியாவில் மூலிகை மருந்துக்கான உச்சவரம்பு ஈயம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு), ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3. சான்று தராதவரிடம் வாங்காதீர்கள்.